பத்தொன்பதா, இருபத்தொன்றா?

லெகோ டெக்னிக் வரிசையில் 2015-ல் வந்த மெர்சிடீஸ் ஆரோக்ஸ் லாரி பிரமாதம்தான். 2,793 துண்டுகள். காற்றழுத்தத்தில் கிரேன் வேலை செய்யும். ஆனால் கூடவே வரும் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து மாட்டினால் அது உங்கள் லாரியா? ஃபிட்டர் வேலை, சார்!

சொந்தமாக டிசைன் பண்ணுகிறவர் டயரில்தான் ஆரம்பிப்பார். மற்றதைத் துண்டு துண்டாகக் கட்டிவிடலாம்; டயர் கிடைக்கிற சைஸில்தான். 62.4 மி.மீ. டயர் எடுத்தீர்களா? நிஜ லாரியின் டயர் ஏறக்குறைய ஒரு மீட்டர். ஆக, பதினாறில் ஒரு பங்கு. ஐரோப்பிய லாரியின் அகலம் 2.55 மீட்டர், வகுத்தால் 159 மி.மீ. குமிழுக்குக் குமிழ் 8 மி.மீ. என்பதால் இருபது குமிழ். இங்கேதான் சிக்கல். டெக்னிக் சட்டங்கள் பெரும்பாலும் ஒற்றைப்படை நீளம். ஸ்டீயரிங் நட்டநடுவில் உட்கார அதுதான் தோது. 19 வைத்தால் லாரி ஒல்லி, 21 வைத்தால் தொந்தி.

பெட்டி லாரியில் இந்தத் தலைவலியே கிடையாது. என் புகாரே அதுதான்.

என் ஓட்டு 19-க்கு. பக்கத்துக் கண்ணாடிகளை மாட்டிவிட்டால் ஒல்லி தெரியாது.