லேசர் புள்ளியை நம்பி ஜீரோ பண்ணலாமா?

ஏர் ரைஃபிளும் ஸ்கோப்பும் வாங்கப் போனால், கூடவே எடுத்து நீட்டுகிறார்கள் லேசர் போர்சைட்டரை. பேனா அளவுக் கருவி. அதன் கம்பியைக் குழல் வாயில் செருகி அழுத்தினால் எதிரே தாளில் சிவப்புப் புள்ளி விழும். ஸ்கோப்பின் குறுக்குக் கோட்டை அந்தப் புள்ளிக்கு நகர்த்தினால் ஜீரோ, அதாவது குறியையும் குண்டு படும் இடத்தையும் ஒன்றாக்கும் வேலை, முடிந்தது என்கிறது அட்டைப்பெட்டி. மதுரையில் ஓர் உள்ளரங்கில், 0.177 ஸ்பிரிங் ரைஃபிளில், 10 மீட்டரில் பொருத்திப் பார்த்தேன்.

முதல் பெல்லட் தாளில் பட்டது. கருவியால் கிடைத்த பலன் அதோடு சரி. பட்ட இடம் புள்ளிக்கு ஓர் அங்குலம் கீழே. கருவியைக் குழலுக்குள்ளேயே மெல்லச் சுழற்றினேன். புள்ளி ஓரிடத்தில் நிற்காமல் வட்டம் போட்டது. அதாவது லேசரே குழலுக்கு நேராக இல்லை. நேராக இருந்தாலும், ஸ்பிரிங் ரைஃபிளில் பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே துப்பாக்கி உதறத் தொடங்கிவிடும். அந்த உதறலை எந்த லேசரும் காட்டாது.

என்.சி.சி.யில் 0.22 ரைஃபிள் பிடித்தவர்களுக்குக் குரூப்பிங் தெரிந்திருக்கும். ஒரே இடத்தைக் குறிவைத்து ஐந்து ரவுண்டு. பிறகு அந்தக் கூட்டத்தின் நடுவைப் பார்த்துத் திருத்தம். ஏர் ரைஃபிளுக்கும் அதுதான் வழி. ஒற்றைக் குண்டைத் துரத்தி ஸ்கோப்பின் திருத்தக் குமிழைத் திருகினால் பெல்லட்தான் வீணாகும். துப்பாக்கியின் முன்பகுதியை இறுக்கிப் பிடிக்காமல் உள்ளங்கையில் சும்மா தாங்குங்கள். கூட்டம் தானாகச் சுருங்கும்.

புதியவர்கள் தடுமாறுவது கிளிக் கணக்கில். குமிழில் கால் எம்.ஓ.ஏ. (கோண அளவு) என்று எழுதியிருக்கும். 100 கஜத்தில் கிளிக்குக்குக் கால் அங்குலம் நகரும். 10 மீட்டரிலோ 0.73 மில்லிமீட்டர்தான். ஆக ஓர் அங்குலம் ஏற்ற 35 கிளிக் வேண்டும். நாலு கிளிக் திருகிவிட்டு ஸ்கோப் பழுது என்று கடைக்கு ஓடாதீர்கள்.

10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் ஸ்கோப்புக்கே இடமில்லை, சிறு துளை வழியே குறிபார்க்கும் பீப் சைட்தான். பத்துப் புள்ளியின் குறுக்களவு 0.5 மில்லிமீட்டர். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் போன்ற ஒலிம்பிக் வீராங்கனைகளுக்கும் போட்டிக்கு முன் தயாரிப்புக்கும் சைட் திருத்தவும் 15 நிமிடம் தருகிறார்கள். அவர்களும் சுட்டுப் பார்த்துத்தான் திருத்துகிறார்கள்.

ஆடி மாதத்தில் மதுரையைச் சுற்றிய வெட்டவெளியில் ஜீரோ பண்ண வேண்டாம். அரை கிராம் பெல்லட்டை மேல்காற்று ஒதுக்கிவிடும். தோப்புப் பக்கம் போய்ப் பறவையைக் குறிவைப்பது 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதை யாரும் பயிற்சி என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

லேசர் போர்சைட்டர் வாங்க வேண்டியதில்லை. அந்தப் பணத்துக்கு நல்ல பெல்லட் வாங்குங்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள், சுடும் முன் கம்பியைக் குழலிலிருந்து எடுத்தாயிற்றா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.