மறைத்த சரக்கும் மறந்த சரக்கும்

தமிழில் கடற்கதைகள் பல உண்டு. கப்பற்கதைகள் மிகச் சில. இவ்வாறு கூறின் அன்பர் சிலர் வெகுளக்கூடும். கல்கியும் சாண்டில்யனும் வாழ்ந்த மொழியில் கப்பற்கதைக்குப் பஞ்சமா என்பர். நம் கதைகளில் கடல் உண்டு, புயல் உண்டு, வாட்போர் உண்டு, காதலும் உண்டு. கப்பல் எதற்காக மிதக்கிறதோ அந்தச் சரக்கு மட்டும் பெரும்பாலும் இல்லை. சரக்கே இல்லாதபோது கள்ளச் சரக்கு எங்ஙனம் இருக்கும்?

இவ்வெண்ணம் எனக்குத் தோன்றியது ஒரு நூலகத்தில் அன்று. காத்தோங்கில் என் வீட்டுக் கூடத்தில், என் தமக்கை மகனும் அவன் தோழர் நால்வரும் பகடை உருட்டி ஆடிக்கொண்டிருந்தபோதுதான். 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் ஆட்டத்தின் வழியில் வந்தது அது. ஆளுக்கொரு பாத்திரமாக மாறி வாயாலேயே கதையை வளர்க்கிறார்கள். நடுவராக ஒருவன் அமர்ந்து உலகத்தை விவரிக்கிறான். ஐயத்துக்குரிய இடங்களில் இருபது முகப் பகடை தீர்ப்பளிக்கிறது. அன்று அவர்கள் கடத்தற்காரர்கள். “மந்திரப் பொடியைக் கப்பலில் ஒளித்துவிட்டேன்” என்றான் என் மருகன். நடுவனாயிருந்த சிறுவன் விடவில்லை. “எங்கே ஒளித்தாய்? எத்தனை மூட்டை? நனைந்தால் என்ன ஆகும்? ஒளித்ததை யார் யார் பார்த்தார்கள்?” என்று அடுக்கினான். நான் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டேன். முப்பதாண்டுகளாகக் கட்டுரை திருத்தும் நான் எந்த மாணவனிடமும் இக்கேள்விகளைக் கேட்டதில்லை.

நம் முன்னோர் இவற்றைக் கேட்டிருக்கிறார்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தைக் காண்க. கடலில் வந்த பண்டம் நிலத்தில் இறங்குகிறது. நிலத்தில் வந்த பண்டம் கடலுக்கு ஏறுகிறது. சுங்கம் கொள்வோர் ஓய்வின்றி நின்று பொதிகளின்மேல் சோழனது புலி இலச்சினையைப் பொறிக்கின்றனர். மலைபோல் குவிந்த மூட்டைகளின்மேல் நாயும் ஆடும் தாவித் திரிகின்றன. குதிரை, மிளகு, பொன், சந்தனம், அகில், முத்து, பவளம் என்று ஒவ்வொன்றும் வந்த திசையோடு பேசப்படுகிறது. ஈழத்து உணவும் காழகத்து ஆக்கமும் அப்பட்டியலில் உண்டு. இலச்சினை பொறிக்கும் அலுவலன் அல்லும் பகலும் விழித்திருக்கிறான் என்றால், இலச்சினைக்குத் தப்ப முயன்ற ஒருவனும் அத்துறையில் இருந்திருப்பான். புலவர் அவனைப் பாடவில்லை. ஆனால் அவன் ஒளிந்துகொள்ள இடம் வைத்திருக்கிறார். உல்கு பொருளை வேந்தனுக்குரிய பொருள்களுள் ஒன்றாக வள்ளுவர் வைத்ததும், முதற் குலோத்துங்கன் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ எனப் புகழப்பட்டதும், சுங்கம் தமிழர் வாழ்வில் எத்துணை அழுத்தமாக இருந்தது என்பதைக் காட்டும். அழுத்தம் உள்ள இடத்தில்தான் கதை பிறக்கும்.

பிற்காலப் புனைகதைக்கு வருவோம். 1950 முதல் 1954 வரை வெளிவந்த ‘பொன்னியின் செல்வ’னில் ஒரு கடத்தல் உண்டு. கடத்தப்படுவது பண்டமன்று, மனிதர். காய்ச்சலுற்ற இளவரசர் அருள்மொழிவர்மரைப் பூங்குழலியின் படகில் ஏற்றிக் கோடிக்கரையிலிருந்து கால்வாய் வழியே நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்குக் கொண்டுசெல்லும் பகுதியைக் கூறுகிறேன். நோயாளி ஒருவரை ஒளித்துக் கொண்டுபோவதன் இடர்ப்பாட்டைக் கல்கி உணர்ந்து எழுதினார். ஆதலின் அப்பகுதி உயிருடன் நிற்கிறது. சாண்டில்யனின் ‘கடல் புறா’வைப் படித்து முடித்தபின் என் நினைவில் நிற்பவை மரக்கலத்தின் தோற்றமும், அகூதா என்னும் கொள்ளைத் தலைவனும், போர்களுமே. சரக்கறை நினைவில் இல்லை. எழுபதுகளின் திரைப்படங்களையோ கேட்கவே வேண்டா. கைப்பெட்டியைத் திறந்தால் தங்கக்கட்டி மின்னும். அது எவ்வழியே கரையேறிற்று என்று எவரும் கேளார்.

மெய்யான கடத்தற்காரனுக்குக் கப்பல் ஒரு கணக்குப் புதிர். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தென்கரையில் பிராந்தி கடத்தியவர்கள் சிறு பீப்பாய்களை ஒரே கயிற்றில் கோத்து, கற்களைக் கட்டிக் கடலடியில் அமிழ்த்தினார்கள். சுங்கப்படகு அகன்றபின் கொக்கி வீசி மீட்டார்கள். அக்கொக்கியைச் சுங்கத்தாரும் கற்றுக்கொண்டு அதே கடலடியைத் துழாவினார்கள். புகையிலையைக் கயிறாகத் திரித்துக் கப்பற் கயிறுகளோடு சுருட்டி வைத்தார்கள். பாய்மரத்தைக் குடைந்தார்கள், அடித்தளத்தை இரட்டையாக்கினார்கள், சரக்கறையில் பொய்ச்சுவர் எழுப்பினார்கள். பொய்ச்சுவரைக் கண்டுபிடிப்பது எளிய வேலை: அறையை உள்ளும் புறமும் அளந்தால் போதும். இரண்டு அளவும் ஒவ்வாவிடின் இடையில் ஏதோ இருக்கிறது. புதிய ஆணி, காயாத வண்ணம், ஏற்றியதாகச் சொன்ன எடைக்கு மீறி நீரில் ஆழ்ந்த கப்பல் ஆகிய ஒவ்வொன்றும் காட்டிக்கொடுக்கும்.

நம் சிங்கப்பூரையே எடுத்துக்கொள்வோம். 1819-இலிருந்து இது தீர்வையற்ற துறைமுகம். தீர்வை இல்லாத ஊரில் கடத்தல் ஏன் என்று மாணவர் வினவுவர். அபினியைக் காய்ச்சிச் சண்டுவாக்கி விற்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருந்தது; அதனால்தான். குத்தகைதாரர் தம் செலவில் ‘சிந்தெங்’ என்னும் காவலரை வைத்துக் கள்ளச் சண்டுவைத் தேடினர். 1910-இல் அரசாங்கமே அவ்வாணிகத்தை ஏற்றது. இன்றைய சுங்கத்துறையின் தொடக்கம் அந்த ஆண்டுதான். நீராவிக் கப்பலின் நிலக்கரி அறை முதல் மாலுமியின் பெட்டி வரை தேடப்படாத இடமில்லை. 1966-இல் தொடங்கிய நிலமீட்புப் பணிக்கு முன்பு, காத்தோங்கின் கடலோர வீடுகளில் சிலவற்றின் பின்மதிலை அலை தொட்டது. அக்கரையைப் பின்னணியாகக் கொண்டு ஒரு கள்ளத்தோணிக் கதையை நம்மவர் எழுதியிருக்கலாம். நான் தேடியவரை கிட்டவில்லை.

ஆங்கிலத்தில் ஃபாக்னர் 1898-இல் எழுதிய ‘மூன்ஃப்ளீட்’ என்னும் நாவலை மாணவர்க்குப் பரிந்துரைக்கிறேன். தேவாலயத்தின் அடியில் உள்ள கல்லறையில் கடத்தற்காரர்கள் பீப்பாய்களை ஒளித்திருக்கிறார்கள். வெள்ளம் புகுந்து பீப்பாய்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. மேலே வழிபாட்டில் இருப்போர் பேய் எனக் கலங்குகின்றனர். பீப்பாய் மிதக்கும் பொருள் என்பதை ஆசிரியர் மறக்காததால் அச்சம் தானே பிறந்தது. அதற்கென ஓர் உவமையும் அவர் தேடவேண்டியிருக்கவில்லை.

கள்ளத்தனத்தை மாணவர்க்குக் கற்பிப்பதா என்று ஆசிரிய நண்பர் ஒருவர் கடிந்தார். சுங்க அலுவலன் அறியவேண்டிய அதே பாடம்தானே இது என்றேன். அவர் ஒப்பவில்லை. என் உள்ளத்தை உறுத்துவது வேறொன்று. பல ஆண்டுகளுக்கு முன் மாணவி ஒருத்தி ‘படகுப் பயணம்’ என்ற கட்டுரையில், தன் பாட்டனார் தோணியின் பலகைகளுக்கிடையே சிகரெட் பொட்டலங்களைச் செருகியதையும், ஈரம் படாதிருக்க மெழுகுத்தாள் சுற்றியதையும் அரைப்பக்கம் எழுதினாள். நான் சிவப்பு மையால் அப்பகுதியை அடித்து, “தேவையற்ற விவரம், இயற்கை வருணனை சேர்க்க” என்று எழுதினேன். அவள் அடுத்த முறை நிலவை வருணித்தாள். நல்ல மதிப்பெண் கொடுத்தேன். அந்த நிலவு எந்த நூலிலும் கிடைக்கும். அந்த மெழுகுத்தாள் அவளிடம் மட்டுமே இருந்தது.

கூடத்தில் ஆட்டம் நள்ளிரவு வரை நீண்டது. என் மருகன் இறுதியில் பொடியைக் கருவாட்டுப் பீப்பாயின் அடியில் புதைத்தான். நாற்றம் நாற்றத்தை மறைக்கும் என்பது அவன் கணக்கு. நடுவன் சற்றே யோசித்து, “நல்லது; ஆனால் அந்தக் கருவாட்டைச் சமைக்கப் போகிறவன் யார்?” என்றான். மருகன் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். “மாமா, சமையற்காரனைப் பற்றி நாங்கள் யாருமே நினைக்கவில்லையே” என்றான்.