கல்லும் நகரும்: பெங்களூர் அருங்காட்சியகம் குறித்து ஒரு மதிப்பீடு

ஒரு நகரின் வரலாற்றையும் பண்பாட்டையும் அதன் அருங்காட்சியகத்தில் கண்டுகொள்ளலாம் என்னும் கருத்து பரவலாக நிலவுகிறது. பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தை முன்வைத்து நோக்கின் இக்கருத்து பாதியளவே பொருந்தும் எனலாம்.

1865இல் தொடங்கப்பெற்ற இவ்வருங்காட்சியகம் தென்னிந்தியாவின் பழைய அருங்காட்சியகங்களுள் ஒன்று. கஸ்தூரிபா சாலையிலுள்ள அதன் கட்டடம் 1877இல் எழுந்தது. அன்றைய மைசூர் நாடு முழுமைக்குமாகவே பொருள்கள் திரட்டப்பெற்றன. ஹளேபீட்டுச் சிற்பங்களும் சந்திரவள்ளி அகழாய்வுப் பொருள்களும் இங்கு வந்தமை அதனாலேயே. எனவே இது நகரில் உள்ள அருங்காட்சியகமேயன்றி நகரைப் பற்றிய அருங்காட்சியகம் அன்று.

இங்குள்ளவற்றுள் மொழியியலார் நெடுநேரம் நிற்க வேண்டிய இடம் ஆதகூர்க் கல். மண்டியா மாவட்டத்து ஆதகூரிலிருந்து கொணரப்பெற்ற இப்பழங்கன்னடக் கல்வெட்டின் காலம் கி.பி. 949-50. தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்த செய்தியைக் கூறுவதால் தமிழக வரலாற்று நூல்கள் இதனைத் தவறாது சுட்டுகின்றன. ஆயின் கல் நடப்பெற்றது போருக்காக அன்று, ஒரு நாய்க்காக. கங்க மன்னன் பூதுகன் தன் வீரன் மணலேரனின் ஆற்றலை மெச்சி, வேண்டியதைக் கேள் என்கிறான். அவன் கேட்டதோ காளி என்னும் வேட்டைநாய். அந்நாய் ஒரு பெரும் பன்றியோடு பொருதது, இரண்டும் மாண்டன. கல்லின் மேற்பகுதிச் சிற்பமும் அதனையே காட்டுகிறது. (எடுத்தனூர் நடுகல்லில் இடம்பெறும் கோவிவன் என்னும் நாய் தமிழ் வாசகர்க்கு நினைவுக்கு வரலாம்.) நாய்க்கென நிலமும் விடப்பெற்றது. கோயிலைப் பேணும் கொரவர் இக்கல்லை வழிபடாது உண்பாராயின் பாவம் எய்துவர் என்றும் வாசகம் விதிக்கிறது. வழிபாட்டை வேண்டிய கல் இன்று ஒரு காட்சிப் பொருள். வாசகம் படிக்கப்பெறாதபோது அது வெறும் ஆண்டுக் குறிப்பாகச் சுருங்கிவிடுகிறது. அருங்காட்சியகங்கள் பற்றிய என் முதன்மையான குறை இதுவே.

நகரின் பெயரைத் தாங்கிய கல்லோ பேகூர் நாகேசுவரர் கோயிலில் உள்ளது. ஏறத்தாழ கி.பி. 890ஐச் சேர்ந்த அந்நடுகல் 'பெங்களூருக் காளக'த்தை, அதாவது பெங்களூர்ப் போரைக் குறிக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசேறிய வீரபல்லாளனுக்கு ஒரு மூதாட்டி வெந்த அவரை தந்ததால் 'பெந்தகாளூரு' எனப் பெயர் வந்தது என்னும் சொற்பிறப்புக் கதை இக்கல்லின் முன் நிற்காது. 1537இல் கெம்பேகௌடர் கோட்டை கட்டியதிலிருந்து மட்டுமே நகர வரலாற்றைத் தொடங்குவோரும் இதனைக் கருதுதல் வேண்டும்.

தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அவை அவ்வூரைத் 'தொம்பலூர்' என்கின்றன. தேசிமாணிக்கப் பட்டணம் என்னும் மறுபெயரும் காணப்படுகிறது. 'ம்ப' என்பது 'ம்ம' ஆன ஒலிமாற்றத்திற்கு இவ்வூர்ப்பெயர் நல்ல சான்று. மறுபெயரிலுள்ள 'தேசி', 'பட்டணம்' ஆகியன வணிகரோடு தொடர்புடைய சொற்கள். தமிழும் கன்னடமும் அருகருகே வழங்கிய அந்நிலப்பகுதியை இரு மொழிகளுள் ஒன்றன் உடைமையாகக் காட்ட முயல்வோர்க்கு இச்சுவர்கள் உதவா.

மிதிக் சொசைட்டி 2021 முதல் இப்பகுதிக் கல்வெட்டுகளை முப்பரிமாண முறையில் பதிவு செய்துவருவது பாராட்டத்தக்கது. பேகூர், தொம்மலூர்க் கல்வெட்டுகளின் படிகள் ஆதகூர்க் கல்லின் அருகே வைக்கப்பெறுதல் வேண்டும். மூன்றன் முழு வாசகமும் இன்றைய கன்னடத்திலும் தமிழிலும் உடன் இருத்தல் வேண்டும். நாயின் பெயர் உட்பட.