எறும்புக் கடி

டமாரா ஜென்கின்ஸ் இயக்கிய ‘பிரைவேட் லைஃப்’ (2018) படுக்கையறையில் தொடங்குகிறது. படுத்திருக்கும் மனைவி, அருகே கணவன், தணிந்த குரல்கள். கூடல் காட்சி என்றே நினைத்தேன். குழந்தைக்காகச் சிகிச்சை எடுக்கும் ரேச்சலுக்கு ரிச்சர்டு ஊசி போட்டுக்கொண்டிருக்கிறான்.

சிரித்துவிட்டேன். பிறகு கை தானாக என் இடுப்புக்குப் போனது. ஐவிஎஃப் சமயத்தில் நான் போட்டுக்கொண்ட புரொஜெஸ்டிரான், எண்ணெயில் கலந்த கெட்டி மருந்து. மெல்லிய ஊசியில் இறங்காது. கேஜ் எண் குறையக் குறைய ஊசி தடிக்கும். இன்சுலினுக்கு 31 என்றால் இதற்கு 22. தோலைத் துளைப்பது நொடி நேரம்தான். சதைக்குள் எண்ணெய் மெதுவாக இறங்குவதும், மறுநாள் அந்த இடம் கட்டிக்கொண்டு உட்கார முடியாமல் போவதும்தான் வலி. அன்றைக்கு மறுபக்கம் போடுவார்கள். இப்படியே பல வாரங்கள். ‘எறும்பு கடிச்ச மாதிரிதாம்மா இருக்கும்’ என்று தினமும் சொன்ன நர்ஸம்மா நல்லவர்தான். எந்த எறும்பு என்று நான் கேட்கவில்லை.

ஜென்கின்ஸ் அந்தப் பொய்யைச் சொல்வதில்லை. கட்டில் இருவருக்கும், ஊசி ஒருத்திக்கு என்று முதல் காட்சியிலேயே காட்டிவிடுகிறார். ரிச்சர்டுக்கும் ஓர் அறுவைச் சிகிச்சை உண்டு. அது ஒரு தடவையோடு முடிகிறது.

ஆனால் என்னை உறுத்துவது ஸேடி. கருமுட்டை தர முன்வரும் இருபத்தைந்து வயதுப் பெண். ஊசி இப்போது அவள் உடம்புக்கு மாறுகிறது. முட்டைகள் போதுமான அளவு வளரவில்லை என்றதும், யாரிடமும் சொல்லாமல் அவளே மருந்தின் அளவைக் கூட்டிக்கொள்கிறாள். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.