பெயரும் சான்றும்: பிறபொருளெதிரி பற்றிய கட்டுரையொன்றை முன்வைத்து

ஆய்வுகூடச் சான்று எத்துணை நம்பகமானது என்னும் வினாவை விஞ்ஞானிகளே எழுப்பிய எழுத்துக்களுள், 2015 ஆம் ஆண்டு ‘நேச்சர்’ சஞ்சிகையில் அன்ட்ரூ பிராட்பரி, அன்றியாஸ் புளூக்துன் ஆகியோர் எழுதிய கட்டுரை சிறப்பாக நோக்கத்தக்கது. மேலும் 110 பேர் அதற்கு ஒப்பமிட்டிருந்தனர்.

கலத்திலுள்ள புரதமொன்றை இனங்காண்பதற்கு ஆய்வாளர் பிறபொருளெதிரியையே பெரிதும் நம்புகின்றனர். பீ.ரீ.பீ.ஆர்.ஜே. என்னும் வாங்கிப் பொசுபற்றேசை உதாரணமாகக் கொள்ளலாம். பிற புரதங்களின் தைரோசினிலிருந்து பொசுபேற்றை அகற்றி, வளர்ச்சிச் சமிக்ஞைகளைத் தணிப்பது இது. பெருங்குடற் புற்று முதலியவற்றில் இதன் பரம்பரையலகு இழக்கப்படுவதுண்டு. ஆதலின், நோயாளியின் இழையத்தில் ‘இப்புரதம் இல்லை’ என்னும் முடிபு பாரதூரமானது. அம்முடிபோ பிறபொருளெதிரியின் சாட்சியத்தையே சார்ந்து நிற்கின்றது. இப்புரதத்தின் நொதியப் பகுதி ஏனைய பொசுபற்றேசுகளினதை ஒத்தது. கலத்துக்கு வெளியேயுள்ள பகுதியில் வெல்லச் சங்கிலிகள் செறிந்துள்ளன. எனவே பிறபொருளெதிரி வேறொன்றைப் பற்றுதலும், உரியதைப் பற்றாது விடுதலும் கூடும்.

குறைபாட்டின் மூலத்தைக் கட்டுரை தெளிவுறக் காட்டுகின்றது. விலங்கின் குருதியிலிருந்து பெறப்படும் பிறபொருளெதிரி தொகுதிக்குத் தொகுதி வேறுபடும்; அவ்விலங்கு இறப்பின் அது மீளக் கிடையாது. ஆகவே ஒவ்வொன்றும் அதன் வரிசையால் வரையறுக்கப்பட்டு, மீளிணைப்பு முறையால் ஆக்கப்படல் வேண்டும் என்பது ஆசிரியர்களின் கோரிக்கை. இது நியாயமானதே.

எனினும், வரிசை உணர்த்துவது பிறபொருளெதிரி யாது என்பதையே. குறித்த இழையத்தில் அது எதனைப் பற்றுகின்றது என்பதை அன்று. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது, சுவடியின் பாடத்தை நிறுவியதும் பொருளும் துணியப்பட்டது எனக் கொள்வதை ஒக்கும். முதலதற்கு அளித்த அழுத்தத்தைக் கட்டுரை இரண்டாவதற்கு அளிக்கவில்லை. உரிய பரம்பரையலகு நீக்கப்பட்ட கலத்தை அருகில் வைத்துச் சோதித்தலே இங்கு உரைகல்லாகும். 2023 இல் வெளிவந்த ஆய்வொன்று, 65 புரதங்களுக்கான 614 பிறபொருளெதிரிகளை இவ்வாறு சோதித்தது. மீளிணைப்பு முறையில் ஆக்கப்பட்டவை பொதுவில் மேம்பட்டு நின்றன. ஆயினும் அவற்றுள்ளும் தவறியவை உள. கட்டுரையின் வலிமையும் எல்லையும் இதனால் ஒருங்கே புலனாகின்றன.

விற்பனைச் சுட்டியிலுள்ள பெயரைச் சான்றென ஏற்கும் வழக்கத்தை உலுப்பியமை இக்கட்டுரையின் பெரும்பணி. ஆனால் நோயாளி அளித்த இழையம் பெரும்பாலும் மீளப் பெறமுடியாதது. அதனைச் செலவிடுமுன் பிறபொருளெதிரியைச் சோதிக்கும் கடமை, வரிசை வெளியிடப்பட்ட பின்னரும் ஆய்வாளரை விட்டு நீங்குவதில்லை.