மேற்கே கறுக்கும் வானம்

வைகாசி வெயிலில் காயும் ரிஷிவந்தியத்தில் பிற்பகலானால் என் கண் மேற்கே, கல்வராயன் மலைப் பக்கமே போகும். சூடேறிய காற்று சரிவில் ஏறிக் குளிர்ந்து மேகமாகத் திரளும். வங்கக்கடலின் ஈரக்காற்றும் வந்து சேர்ந்தால் மாலையில் இடிமழைக்கு வாய்ப்புக் கூடும். மின்னல் வெட்டியதும் இடி கேட்கும்வரை விநாடிகளை எண்ணுவேன்: மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் தொலைவு.

கோடை மழையின் அதிசயம் அதன் எல்லை. சங்கராபுரத்தில் கொட்டும்போது தியாகதுருகத்தில் புழுதி பறக்கலாம். அதனால்தான் ஊருக்கு ஊர் மழைமானி வேண்டும் என்கிறேன்.

காலை 8.30 மணிக்கு அளவெடுப்பது வழக்கம். ஒரு மில்லிமீட்டர் என்பது சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். 20 மி.மீ. பெய்தால் ஏக்கருக்குச் சுமார் 80,000 லிட்டர்! மண் இளகும், மானாவாரிக்காரர் கோடை உழவுக்கு ஏர் பூட்டலாம்.