டெக்ஸாஸ் ஹோல்டம்: எதை முதலில் கற்பிப்பது?

டெக்ஸாஸ் ஹோல்டம் போக்கரின் விதிகளை அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆளுக்கு இரண்டு சீட்டு, கவிழ்த்து. எல்லோருக்கும் பொதுவாக நடுவில் முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியாக இன்னொன்று. இந்த ஏழிலிருந்து சிறந்த ஐந்தைச் சேர்ப்பவருக்கே பந்தயமாகக் குவிந்திருக்கும் சில்லுகள். 13 சீட்டு ரம்மி ஆடிப் பழகியவருக்கு இதில் மனப்பாடம் செய்ய அதிகமில்லை. டெக்ஸாஸின் ராப்ஸ்டவுன் ஊரில் பிறந்ததாகச் சொல்லப்படும் ஆட்டம் இவ்வளவு பரவியதில் இந்த எளிமைக்குப் பெரிய பங்குண்டு.

வழக்கமான பாடம் கைகளின் தரவரிசைப் பட்டியலில் தொடங்குகிறது. ராயல் ஃப்ளஷ் உச்சியில், ஜோடிகூட அமையாத கை அடியில். இதில் நியாயம் இருக்கிறது. எது வெல்லும் என்று தெரியாமல் எதை நம்பிச் சில்லு வைப்பது? பட்டியல் ஒரே தாளில் அடங்கும். மேசையில் தகராறு வந்தாலும் அதுவே தீர்த்துவைக்கும்.

ஆனால் அதோடு சேர்த்துச் சொல்லப்படும் விளக்கம் பாதிதான் உண்மை. அரிதாக வரும் கையே உயர்ந்தது என்பார்கள். ஐந்து சீட்டுக்கு அது சரி: 25,98,960 கைகளில் ஸ்ட்ரெய்ட் (வரிசையாக வரும் ஐந்து) 10,200, ஃப்ளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து) 5,108. ஏழு சீட்டிலோ ஜோடியே அமையாமல் போவது சுமார் 17 சதவீதம்; ஒரு ஜோடி 44, இரண்டு ஜோடி 23. பட்டியலின் அடியில் கிடப்பது மேலே உள்ள இரண்டையும்விட அரிது! பழைய ஐந்து சீட்டுப் போக்கரின் வரிசை அப்படியே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. இதை யாரும் சொல்லாததால், ஒரு ஜோடி விழுந்ததுமே புதியவர் பெரிய கை கிடைத்துவிட்டதாக நம்பிவிடுகிறார்.

பட்டியல் சொல்லாத இன்னொன்றையும் பாருங்கள். நடுவில் ஏஸ், கிங், ஜாக், 9, 4 திறந்திருக்கின்றன, ஃப்ளஷுக்கு வழியில்லை. ஒருவரிடம் ஏஸும் 8உம், இன்னொருவரிடம் ஏஸும் 3உம். 8 வைத்திருப்பவர் வென்றதாகக் கை நீட்டுவார். உண்மையில் சமம்தான். இருவருடைய சிறந்த ஐந்தும் இரண்டு ஏஸ், கிங், ஜாக், 9. எட்டுக்கும் மூன்றுக்கும் அங்கே வேலையே இல்லை. பட்டியலை ஒப்பிக்கத் தெரிந்தவர்கூட இங்கே தடுமாறுவார். இப்படி நாலைந்து கைகளை மேசையில் விரித்துக் காட்டுவது பட்டியலைப் பத்து முறை படிப்பதைவிட மேல்.

இதைவிடப் பெரிய குறை வேறு. பட்டியல் இதைச் சீட்டாட்டமாகக் காட்டுகிறது. ஹோல்டமின் உயிரோ பந்தயத்தில் இருக்கிறது. எத்தனையோ கைகள் சீட்டைத் திறக்காமலே முடிகின்றன, மற்றவர்கள் எல்லோரும் சீட்டைக் கைவிட்டு விலகிவிடுவதால், அதாவது ஃபோல்ட் செய்துவிடுவதால். முதல் மூன்று பொதுச் சீட்டு விழுந்த பிறகு, பட்டன் (சீட்டுப் போடுபவரின் இடத்தைக் குறிக்கும் வில்லை) இருக்கும் இடத்துக்காரர் ஒவ்வொரு சுற்றிலும் கடைசியாகப் பேசுகிறார். மற்றவர்கள் செய்ததைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது பெரிய பலம். பாடங்களில் அது ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது.

கணக்கும் அப்படித்தான். நான்கு பொதுச் சீட்டு திறந்தாயிற்று. உங்கள் ஃப்ளஷுக்கு ஒரு சீட்டுதான் பாக்கி. நடுவில் 100 சில்லு. எதிராளி தன் கடைசி 50ஐயும் வைக்கிறார். நீங்கள் 50 போட்டால் 150 வரலாம். நாலு முறைக்கு ஒரு முறையாவது வென்றால்தான் கட்டும். கண்ணில் படாத 46 சீட்டில் உங்களுக்கு உதவுபவை 9, ஐந்தில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. ஃபோல்ட் செய்வதே சரி. சாதாரண வகுத்தல்தான் இது; முதல் நாளே சொல்லித்தரலாம், சொல்லித்தரவும் வேண்டும்.

இப்படி ஃபோல்ட் செய்ய எங்கே பழகுவது? இந்தியாவில் காசு வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை 2025ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. ஆகவே இங்கே இணையத்தில் கற்பவருக்கு மிஞ்சுவது மதிப்பில்லாத சில்லு. விதி தெரியாதவர் பணம் இழக்க வழியில்லாததால் இதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனாலும் தீர்ந்ததும் மறுபடி கேட்டால் கிடைக்கும் சில்லை யார் காப்பாற்றுவார்? எல்லோரும் கடைசிவரை உள்ளேயே இருப்பார்கள். ஃபோல்ட் செய்யும் பழக்கம் வரவே வராது.

அந்தப் பழக்கம் வரப் பணம் தேவையில்லை. லாஸ் வேகாஸில் 1970இல் தொடங்கிய உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் சில்லு தீர்ந்தவர் எழுந்துவிட வேண்டும், மறுபடி வாங்க முடியாது. வீட்டில் கற்பவர்களும் ஆளுக்கு நூறு சில்லு கொடுத்து அதே விதியை வைத்துக்கொள்ளலாம். தீர்ந்தவர் அன்றைக்கு மிச்ச ஆட்டத்தைப் பார்த்துக் கற்கட்டும்.